பனியன் ஊரில் ஒரு பறவைச் சத்திரம்

"திருப்பூருக்குப் போகிறேன்" என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், எங்கள் குடியிருப்பில் உள்ள அத்தனை பேருக்கும் திடீரென்று பனியன் பஞ்சம் வந்துவிட்டது. மாடி வீட்டு மாமி அரை டஜன் கேட்டாள். "கை வைத்தது நாலு, வைக்காதது இரண்டு. மாமாவுக்கு அளவு 90. மறந்துவிடாதே!" என்று மூன்று தடவை சொன்னாள். எதிர் வீட்டுப் பெண் தன் குழந்தைக்கு ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்துவிட்டாள். என் கணவர் மட்டும், "ஊட்டிக்குப் போகிறவர்கள் உண்டு, கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் உண்டு. திருப்பூருக்கு ஊர் பார்க்கப் போகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்!" என்று சிரித்தார்.

உண்மையில் நான் ஊர் பார்க்கப் புறப்படவில்லை. கல்லூரி நாளில் ஒரே அறையில் தங்கிப் படித்த சிநேகிதியைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் திரும்பி வரும்போது என் பெட்டியில் பனியன்களோடு ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது. அதில் சில மரப் பலகைகளின் அளவுகள் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன. அந்தக் காகிதம் என்னிடம் வந்த கதையைத்தான், சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் சேரன் எக்ஸ்பிரஸ் பொழுது விடிவதற்கு முன்பே திருப்பூரில் இறக்கிவிடுகிறது. தை மாதத்துக் குளிர். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கொடி காத்த குமரனின் நினைவிடம் நம்மை நின்று கும்பிட வைக்கிறது. 1932 ஜனவரியில் இந்த ஊர்த் தெருவில் தடியடி பட்டு, கையிலிருந்த கொடியை விடாமல் விழுந்து, 11-ம் தேதி உயிர் நீத்த இளைஞர் அவர். பக்கத்துச் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அன்று கதர் விற்ற ஊர், இன்று உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிறது. நம் நாட்டிலிருந்து கப்பலேறும் பின்னலாடைகளில் பாதிக்கு மேல் திருப்பூர்ச் சரக்கு என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஒரு பனியன் ஒரே இடத்தில் பிறந்து வளர்ந்துவிடுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நூலைத் துணியாகப் பின்னுவது ஓரிடம், சாயம் போடுவது ஓரிடம், வெட்டுவது ஓரிடம், தைப்பது ஓரிடம். தைத்து முடிந்த பின், ஆங்காங்கே தொங்கும் நூல் நுனிகளைச் சிறு கத்திரியால் நறுக்கிச் சுத்தம் செய்கிறார்கள். அதற்குப் 'பிசிறு வெட்டுதல்' என்று பெயர். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்த வேலைதான் சோறு போடுகிறது.

வெட்டிய பிசிறு எங்கே போகிறது? முக்கால்வாசி குப்பை மூட்டைக்குப் போகிறது. மீதி காற்றோடு போகிறது. ஆட்டோவில் போகும்போது தெருவோரங்களில் வெள்ளை, சிவப்பு, நீலம் என்று வண்ண நூல்கள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தேன். மார்கழிக் கோலத்தின் மிச்சம் போல அழகாகத்தான் இருந்தது. அதை அழகு என்று நினைத்ததற்காக மறுநாளே வெட்கப்பட்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

சிநேகிதியின் வீடு ஊத்துக்குளிச் சாலைப் பக்கம். பழைய ஓட்டு வீடு. பக்கத்திலேயே ஒரு கொட்டகையில் எட்டுத் தையல் மெஷின்கள். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில்.

"வாடி, வா! பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், உனக்காக" என்று கட்டிக்கொண்டாள் சிநேகிதி.

"வாங்க, வாங்க! ரயில்ல தூக்கம் வந்துச்சுங்களா?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார் அவள் கணவர்.

அவர்களுடைய மகள் வயிற்றுப் பேரன், எட்டு வயசுப் பையன், தூண் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தான். கொங்கு நாட்டில் தாய்வழிப் பாட்டியை அம்மிச்சி என்றும், தாத்தாவை அப்பிச்சி என்றும் அழைக்கிறார்கள். எனக்கும் உடனே ஒரு பட்டம் கிடைத்துவிட்டது: 'மெட்ராஸ் அம்மிச்சி!'

விடிந்ததும் காப்பி டம்ளரோடு புழக்கடைக்குப் போனோம். இந்தப் பக்கத்தில் அதைப் 'பொடக்காலி' என்கிறார்கள். ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம், கறிவேப்பிலை, அடர்ந்த மருதாணிப் புதர். நடுவே ஓர் இரும்புக் குழாயின் மேல், பொம்மைக் கல்யாணத்துக்குக் கட்டிய மண்டபம் போல ஒரு மரத்தட்டு. நாலு கால், மேலே சாய்ந்த கூரை. அதற்குள் ஏழெட்டுச் சிட்டுக் குருவிகள் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு கம்பு கொத்திக்கொண்டிருந்தன. கீழே சிந்தியதைப் பொறுக்க இரண்டு மைனாக்கள்.

"இதுதானுங்க நம்ம சத்திரம். சாப்பாடு உண்டு, வாடகை இல்லீங்க" என்றார் சிநேகிதியின் கணவர்.

சிட்டுக் குருவியைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று! சென்னையில் எங்கள் தெருவில் காக்கையும் புறாவும்தான் ராஜாங்கம் நடத்துகின்றன. ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கும் ஒரு மனிதர் மொட்டை மாடியில் பலகைகளை வரிசையாகப் போட்டு, ஊறவைத்த அரிசியைப் பரப்பி, ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு விருந்து வைத்த காட்சியை ஒரு சமயம் பார்த்திருக்கிறேன். 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு வந்த சில கிளிகளில் தொடங்கியதாம் அது. அவ்வளவு பெரிய மனசும் மாடியும் எல்லோருக்கும் வாய்க்குமா? ஆனால் இந்தச் சின்ன மண்டபம் யாருக்கும் வாய்க்கும் என்று தோன்றியது.

"செல்போன் கோபுரம் வந்துதானே குருவியெல்லாம் போயிற்று?" என்று என் ஞானத்தை எடுத்துவிட்டேன்.

அவர் பணிவாகவே மறுத்தார். "அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா அதுக்குச் சாட்சி கிடைக்கலீங்களே!" 2020-ல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையை அவர் படித்திருக்கிறார். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக் குருவி அநேகமாகக் குறையாமல்தான் இருக்கிறதாம். பெரிய நகரங்களில்தான் குறைந்துவிட்டதாம். ஓட்டுச் சந்து போய்க் கண்ணாடிச் சுவர் வந்தால் கூடு எங்கே கட்டும்? முற்றம் போய்ச் சிமெண்டுத் தளம் வந்தால் புழு பூச்சிக்கு எங்கே போகும்? "குருவி தானியம் திங்குமுங்க. ஆனா குஞ்சுக்கு முதல்ல ஊட்டுறது புழுவும் பூச்சியுந்தான். வெறும் கம்பு வெச்சா குஞ்சு வளராது" என்றார். அதனால்தான் முருங்கைக்கும் மருதாணிக்கும் அவர்கள் மருந்தே தெளிப்பதில்லை. கிணற்றடியில் ஒரு மூலையைப் புல் செதுக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

அன்று காலையே எனக்காக இன்னொரு தட்டுச் செய்ய உட்கார்ந்துவிட்டார் மனிதர். நீங்கள் செய்து பார்ப்பதற்காக விவரத்தை எழுதுகிறேன். பலகை அறுக்கத் தெரிந்த பிள்ளையோ, தெருமுனைத் தச்சரோ இருந்தால் அரை நாள் வேலை.

மெஷின் உதிரிச் சாமான் வந்த பழைய மரப் பெட்டிதான் மூலப் பொருள். முக்கால் அங்குலக் கனமுள்ள பலகை. ஒட்டுப் பலகை வேண்டாம். இரண்டு மழையில் உரிந்துவிடும். எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ உள்ள பலகையும் ஆகாது.

அடித்தட்டு 12 அங்குலச் சதுரம். அதில் தீக்குச்சி நுழையும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு துளைகள். மழைத் தண்ணீர் தேங்காமல் வடிவதற்கு. சுற்றிலும் ஒன்றேகால் அங்குல உயரத்துக்கு விளிம்புச் சட்டம். நாலு மூலையிலும் விரல் நுழையும் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் அழுக்குச் சேரும். முன் கால்கள் இரண்டும் 9 அங்குலம், பின் கால்கள் 7 அங்குலம். அதனால் கூரை தானாகவே பின்பக்கம் சரிந்துகொள்ளும். கூரைப் பலகை 16 அங்குலச் சதுரம். நாலு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாரல் உள்ளே அடிக்காது.

ஆணியைவிடத் திருகாணி நல்லது. எந்த முனையும் வெளியே நீட்டக்கூடாது. உப்புத்தாள் போட்டுச் சிலாம்பு இல்லாமல் தேய்க்க வேண்டும். "நம்ம கையைத் தடவிப் பார்த்தாப் போதாதுங்க, கன்னத்துல வெச்சுத் தேய்ச்சுப் பார்க்கணும்" என்று சொல்லி அப்படியே செய்தும் காட்டினார். வர்ணமும் வார்னீஷும் வேண்டாம். கூரையின் மேல்புறத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. பிறகு ஒரு வாரம் வெயில்.

நிறுத்தும் இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. தரையிலிருந்து ஐந்தடி உயரம். குழாயின் நடுவே, பழைய எண்ணெய்த் தகரத்தை வெட்டிக் கவிழ்த்த புனல் போலப் பொருத்தினால் பூனை ஏற முடியாது. புதர் ஏழெட்டு அடி தூரத்தில் இருக்கட்டும். வல்லூறு வந்தால் குருவி ஓடி ஒளிய வேண்டுமே! அதைவிடப் பக்கத்தில் இருந்தால் பூனை ஒளிந்துகொள்ளும். பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே வைக்கவே கூடாது. கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பிப் பறந்துபோய் மோதிக்கொள்ளும்.

சமையல் பகுதி நம்முடையது அல்லவா? கம்பு, தினை, நொய்யரிசி, இவை போதும். காலையில் ஒரு கைப்பிடி. பொழுது சாய்வதற்குள் தீருகிற அளவு. மிக்ஸர், முறுக்கு, உப்புப் போட்ட சாதம், பூசணம் பூத்த கடலை எதுவும் கூடாது. பக்கத்தில் ஆழமில்லாத மண் தட்டில் தண்ணீர். நடுவே ஒரு கல். வாரம் ஒரு தடவை தட்டை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பிறகு நம் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இது வெறும் ஆசாரம் அல்ல. பிரிட்டனில் தோட்டந்தோறும் இரைத்தட்டு வைத்து வளர்த்தார்கள். 2005-ம் ஆண்டு முதல் ஒரு தொற்று நோய் பரவி, அங்குள்ள பச்சைப் பாடும் குருவிகள் லட்சக்கணக்கில் மடிந்தன. கூட்டமாகக் கூடிச் சாப்பிடும் தட்டுகளே அந்த நோய்க்கு ஒரு வழியாக அமைந்துவிட்டன. விருந்து வைக்கிறவர் பாத்திரம் கழுவாவிட்டால் விருந்தாளிக்குத்தானே வயிற்றுவலி?

சாயங்காலம் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, "வாங்க, பெரிய சத்திரத்தையும் பார்த்துட்டு வரலாம்" என்று கிளம்பினார். ஊத்துக்குளிச் சாலையில் சிறிது தூரம் போனால் நஞ்சராயன் குளம். குளம் என்ற பெயரை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். 125 ஹெக்டேருக்கு மேல், அதாவது 300 ஏக்கருக்கும் அதிகமான நீர்ப்பரப்பு. பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்ற அரசர் செப்பனிட்டதால் அந்தப் பெயர் என்கிறார்கள். நல்லாற்றின் தண்ணீர் இதில் வந்து சேருகிறது.

கரையில் நின்று பார்த்தேன். செவ்வானம் தண்ணீரில் விழுந்து கிடந்தது. கூழைக்கடாக்கள் படகு போல மிதந்தன. நாமக்கோழிகள் கரும்புள்ளிகளாகச் சிதறியிருந்தன. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. இமயமலைக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்துகூட இங்கே குளிர்காலத்தைக் கழித்திருக்கிறது. உள்ளூர்ப் பறவைப் பிரியர்கள் ஆண்டுக்கணக்காக அதிகாலையில் வந்து எண்ணி எண்ணிக் குறித்து வைத்ததில் 190 வகை அளவுக்குப் பறவைகள் தேறியிருக்கின்றன. 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் என்ற அந்தஸ்து; 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம். பனியன் ஊருக்கு இப்படி ஒரு மகுடமா என்று நான் வியந்தேன்.

"வியக்காதே, இந்த ஊர் தண்ணீரைப் படுத்தின பாட்டையும் கேட்டுக்கொள்" என்றாள் சிநேகிதி.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலாறு திருப்பூர் நடுவே ஓடுகிறது. ஒரு காலத்தில் சாயப்பட்டறைகள் கழிவுநீரை அதில்தான் விட்டன. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது, எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அதன் பிறகுதான் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது.

"எங்களுக்குப் பிழைப்பு வேணும், ஆத்துக்குத் தண்ணி வேணும். ரெண்டையும் கட்டிக் காக்கிறது லேசு இல்லீங்க" என்றார் அவர். கோர்ட்டுப் படி ஏறியும், தொழிலை நிறுத்தியும் ஓர் ஊர் படித்த பாடம் அது.

அந்தப் பாடத்தின் இன்னொரு பக்கத்தை மறுநாள் காலையில் நான் படித்தேன்.

பொடக்காலியில் குருவிகள் வழக்கத்துக்கு மாறாகக் கத்தின. போய்ப் பார்த்தால், மருதாணிப் புதரின் ஓரத்தில் ஒரு குருவி தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக்கொண்டிருந்தது. காலில் சிவப்பு நூல். நூலின் மறுமுனை கிளையில் சிக்கியிருந்தது. பறக்கப் பறக்க முடிச்சு இறுகியது.

சிநேகிதியின் கணவர் ஓடிப்போய் ஒரு பனியன் துணித் துண்டைக் கொண்டுவந்து குருவியின் மேல் மெதுவாகப் போர்த்தி, உள்ளங்கையில் ஏந்தினார். கண்ணுக்கு இருட்டானதும் அது அடங்கிவிட்டது. அதன் நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "பிசிறு வெட்டுற கத்திரியைக் கொண்டாடா சாமி!" என்றார் பேரனிடம். சிநேகிதி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு இழை, இன்னொரு இழை என்று நறுக்கினாள். ஒரு நிமிஷமா, ஐந்து நிமிஷமா, எனக்குத் தெரியாது. நான் மூச்சு விடவில்லை. நூல் பல நாளாகவே சுற்றியிருக்க வேண்டும். ஒரு விரல் கறுத்துச் சுருங்கிப் போயிருந்தது. கடைசி இழை அறுந்ததும் துணியை விலக்கினார். குருவி ஒரு கணம் உட்கார்ந்திருந்தது. பிறகு ஓட்டுக் கூரைக்குப் பறந்துவிட்டது.

அப்போதுதான் பையனைப் பார்த்தோம். முகம் வெளிறிக் கிணற்றடியில் நின்றான்.

"நாந்தான் அம்மிச்சி வெச்சேன். குருவி கூடு கட்டட்டும்னு… கலர் கலரா நூல் எடுத்துச் செடியில தொங்கவிட்டேன்" என்றவன் விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டான்.

என்ன சொல்லித் தேற்றுவது? அவன் செய்தது அன்பினால் செய்த காரியம். நூல் எத்தனை மெலிசோ அத்தனை ஆபத்து என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? கூட்டுக்குள் போனால் குஞ்சின் காலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும். குஞ்சு வளரும், நூல் வளராது.

தாத்தா அவனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "நீ வெச்சதைப் பார்த்துட்டு 'நல்லாருக்குது கண்ணு'ன்னு சொன்னவன் இந்த அப்பிச்சிதான். அறுபது வருஷமா நூலோட பிழைக்கிறேன், எனக்கே தோணலையே! தப்பு ரெண்டு பேருதும்" என்றார். பிறகு இருவரும் எழுந்தார்கள். புதர், வேலி, கொட்டகை வாசல், சாக்கடை ஓரம் என்று நூல் பொறுக்கினார்கள். நானும் சிநேகிதியும் சேர்ந்துகொண்டோம். ஒரு மணி நேரத்தில் ஒரு வாளி நிறைந்தது! அன்று மத்தியானமே கொட்டகையில் ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் மூடி போட்ட டப்பா வந்துவிட்டது. பிசிறு வெட்டும் பெண்களிடம் சிநேகிதி குருவிக் கதையைச் சொன்னாள். அவர்களில் வயதான ஒருத்தி, "இத்தனை நாளும் கூட்டித் தெருவுலதான தள்ளுனோம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பனியன் ஊர்க்காரர்கள் கவலை நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? இருங்கள். பையனைத் தேற்றும்போது எனக்கே ஒன்று உறைத்தது. பாரிஸ் நகரத்துப் புறாக்களுக்கு ஏன் விரல்கள் முடமாகின்றன என்று ஆராய்ந்து, 2019-ல் விஞ்ஞானிகள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முடி திருத்தும் கடைகள் அதிகமுள்ள வட்டாரங்களில் முடமான புறாக்களும் அதிகமாம். நூலைப் போலவே தலைமுடியும் காலில் சுற்றிக்கொள்கிறது. மரமும் தோட்டமும் நிறைந்த பகுதிகளில் அந்தக் கஷ்டம் குறைவாம்.

தலைமுடி! தினமும் காலையில் நான் என்ன செய்கிறேன்? தலை வாரி, சீப்பில் வந்த முடியைச் சுருட்டி, பின்பக்கத்துப் பால்கனியிலிருந்து கீழே போடுகிறேன். என் அம்மா செய்தாள், நானும் செய்கிறேன். நீங்களும் செய்கிறீர்கள் அல்லவா? புடவைக்கு விளிம்பு அடித்த மிச்ச நூல், பூக்கட்டிய நார், பட்டம் விட்ட கயிறு, எல்லாம் அதே ஜன்னல் வழியாகத்தான் போகின்றன. அந்தச் சின்னப் பையனாவது தெரியாமல் செய்தான். அதுவும் குருவிக்கு வீடு கட்ட ஆசைப்பட்டு. நான் எந்த ஆசையும் இல்லாமல், வெறும் அலட்சியத்தால் செய்திருக்கிறேன்.

ஆகவே, அந்தத் துண்டுக் காகிதத்தில் பலகை அளவுகளுக்கு மேலே முதல் வரியாக நான் ஒன்று எழுதிச் சேர்த்தேன்: 'முதலில் நூலும் முடியும் பொறுக்கு, அப்புறம் தட்டு வை.' விருந்துக்கு அழைத்த வீட்டு வாசலில் கண்ணி விரித்து வைக்கலாமா? கூடு கட்ட உதவ ஆசையிருந்தால், நாலு விரற்கடை நீளத்துக்கு நறுக்கிய காய்ந்த புல்லைப் போட்டு வைத்தால் போதும்.

சென்னை வந்து சேர்ந்தேன். அவர் செய்து கொடுத்த தட்டு இப்போது எங்கள் பால்கனிக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. சிட்டுக் குருவி இன்னும் வரவில்லை. அணிலும் மைனாவும்தான் வாடிக்கைக்காரர்கள். பால்கனித் தொட்டிகளில் மருந்து தெளிப்பதை நிறுத்தியிருக்கிறேன். பொறுத்துப் பார்ப்போம். சீப்பு முடி இப்போது காகிதத்தில் மடித்துக் குப்பைக் கூடைக்குப் போகிறது.

போன வாரம் திருப்பூரிலிருந்து டெலிபோன் வந்தது. பையன்தான் பேசினான். குரலில் ஒரே சந்தோஷம்.

"மெட்ராஸ் அம்மிச்சி! அந்தக் குருவி வந்துச்சு! ஒத்தக் கால்ல மூணு விரல்தான் இருக்குது. ஆனா எல்லாத்தையும் தள்ளிட்டு அதுதான் மொதல்ல கம்பு தின்னுச்சு!"

இந்தச் செய்தியைச் சொல்ல மாடி வீட்டு மாமியைத் தேடிப் போனேன். மாமி நான் வாங்கி வந்த புதுப் பனியனைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தோரத்தில் தொங்கிய ஒரு நூலைப் பற்களால் கடித்து அறுத்தாள். அறுத்த நூலை ஜன்னல் பக்கம் கொண்டு போனாள்.

"மாமி! அதை இப்படிக் கொடுங்கள்" என்று கையை நீட்டினேன்.